கான்ஃப்ளிக்ட் வந்ததும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலைக்கு பில் போடும் மென்பொருளை நானும் தருமபுரியில் இருக்கும் நண்பரும் சேர்ந்து எழுதுகிறோம். போன சீசனில், வெளியே மாங்காய் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில், கிட்டில் (பலர் எழுதும் கோடை ஒன்றுசேர்க்கும் கருவி) கான்ஃப்ளிக்ட், அதாவது ஒரே இடத்தை இருவரும் வேறுவேறாக மாற்றியதால் அதால் சேர்க்க முடியவில்லை. இடித்தது ஒரே வரி: தொகை = எடை * விலை. நான் அதை (எடை - கழிவு) * விலை என்று மாற்றியிருந்தேன், அவர் எடை * விலை - வாடகை என்று. எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டபோது, 'அவர்ஸ்' (ours) என்றால் என்னுடையதுதானே என்று அமுக்கினேன். அன்று சாயங்காலம் வரை அழுகல் காய்க்கும் சேர்த்துப் பணம் போனது.

நான் செய்தது மெர்ஜ் (இரு கிளைகளை அப்படியே இணைப்பது) இல்லை, ரீபேஸ். ரீபேஸ் முதலில் மெயின் கிளையில் (நண்பரின் மாற்றம் ஏற்கெனவே சேர்ந்திருந்த பொதுப் பிரதி) போய் நின்றுகொண்டு, நம் கமிட்களை (சேமித்த மாற்றங்களை) ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் வைக்கிறது. அதனால் அங்கே 'அவர்ஸ்' என்பது மெயின், 'தேர்ஸ்' (theirs) என்பதுதான் நாம் எழுதியது.

சரி, என் வரியையே எடுத்திருந்தாலும் தப்புதான், வாடகை போயிருக்கும். சரியான வரி இரண்டு பக்கத்திலும் இல்லை. பழைய வரி என்ன, அதில் யார் எதைத் தொட்டார்கள் என்று தெரிந்தால்தான் அதை எழுத முடியும், ஆனால் கிட் வழக்கமாக அதைக் காட்டாது. மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல் (merge.conflictStyle) என்ற கிட் அமைப்பை டிஃப்3 (diff3) என்று வையுங்கள். ||||||| குறிக்குக் கீழே பழைய வரியும் வரும். 2022-ல் வந்த 2.35 பதிப்பு முதல் இசட்டிஃப்3 (zdiff3) உண்டு, கான்ஃப்ளிக்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கும் வரிகளை அது வெளியே தள்ளிவிடுவதால் படிக்க இன்னும் சுலபம்.

கோப்பு முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் விண்டோஸ், லினக்ஸ் வரிமுடிவுத் தகராறு (வரி முடிவதை இரண்டும் வேறுவேறாகக் குறிக்கும்), இல்லை யாரோ ஃபார்மேட்டரை (கோடின் இடைவெளிகளை ஒழுங்குபடுத்தும் கருவி) ஓட்டியிருப்பார்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தாமல் கிட் மெர்ஜ் --அபார்ட் (git merge --abort) கொடுத்து மெர்ஜை ரத்துசெய்துவிட்டு, காரணத்தைச் சரிசெய்து மறுபடி மெர்ஜ் செய்யுங்கள்.

அப்புறம், <<<<<<< என்ற கான்ஃப்ளிக்ட் குறி கோப்பின் உள்ளேயே கிடந்தாலும் கிட் ஆட் (git add) கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றே கிட் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் கிட் டிஃப் --செக் (git diff --check) ஓட்டினால் அந்தக் குறி மாட்டிக்கொள்ளும். ஆனால் அவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றி, நான் வேறு கோப்பில் பழைய பெயரிலேயே அழைத்திருந்தால் எந்தக் குறியும் வராது, ஓட்டிப் பார்த்தால்தான் உடையும்.

கடைசியில் நண்பருக்குப் போன் போட்டேன். விவசாயியே லாரி பிடித்து வந்தால் வாடகையைக் கழிக்கக் கூடாதாம். அது அவர் வரியிலும் இல்லை.