பென்சிலைக் கீழே வைக்காதீர்கள்: கலைத்துறையிலிருந்து அறிவியல் முதுகலைக்கு வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கக் கல்லூரியில் நான் எடுத்தவை வரலாறும் பொருளியலும். இளங்கலையும் அதே வழிதான். அதன் பிறகு இங்கே சிங்கப்பூரிலேயே சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை சேர்ந்தேன். முதல் பருவம் முடிவதற்குள் இரண்டு முறை விலகிவிட நினைத்தேன். இப்போது அதே பாதையில் வரும் தம்பி தங்கைகள் சிலரோடு சனிக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்து பாடம் பார்க்கிறேன். நான் தடுக்கி விழுந்த இடங்களிலேயே அவர்களும் விழுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அறிவியலை வாசித்தே கற்றுவிடலாம் என்று நம்புவது. கலைத்துறை நமக்குக் கொடுத்த பழக்கம் அது. தீர்வோடு அச்சிட்ட கணக்கை வரிவரியாக வாசிக்கும்போது எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது வரியில் கை நின்றுவிடும். கை நின்ற அந்த இடத்தைத்தான் நீங்கள் படிக்க வேண்டும்.

எண்களையும் அப்படியே கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்கிறது என்று வாசித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் நீர். உங்கள் புளோக்கின் கூரை 800 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் கொட்டும் ஒரு பிற்பகலில் அதன்மேல் விழுவது 40,000 லிட்டர். இதை ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்தால் வடிகால் பற்றிய பாடம் வேறு மாதிரித் தெரியும்.

இந்தப் பழக்கம் இல்லாமல் நான் பட்டதைச் சொல்கிறேன். புகைமூட்டம் பற்றிய என் முதல் கட்டுரையில், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100இலிருந்து 200 ஆனதால் மாசு இருமடங்கானது என்று எழுதியிருந்தேன். 2013 ஜூனில் 401ஐத் தொட்ட அந்த எண்ணோடு வாழ்ந்தவர்கள் நாம். ஆனால் அது எப்படிப் பிறக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. அது அளவு அல்ல, குறியீடு. ஆறு மாசுகளின் அளவுகளைத் தனித்தனியே குறியீட்டு எண்களாக மாற்றி, அவற்றில் மிகப் பெரியதை எடுக்கிறார்கள். பிஎம் 2.5 நுண்துகளை எடுத்துக்கொண்டால், குறியீட்டில் 100 என்பது கன மீட்டருக்கு 55 மைக்ரோகிராம், 200 என்பது 150 மைக்ரோகிராம். ஏறக்குறைய மூன்று மடங்கு! வாக்கியத்தில் எந்தக் குறையும் இல்லை. எண்ணின் பின்னால் போகாததுதான் குறை.

அடுத்தது, விடுமுறையிலேயே இளங்கலைப் பாடம் முழுவதையும் முடித்துவிடும் முயற்சி. தடித்த பாடநூல்கள் மூன்றை வாங்கி, முதல் நூலின் நான்காம் அத்தியாயத்தில் களைத்துப்போகிறவர்களைப் பார்க்கிறேன். பாடத்திட்டத்தையும் முந்தைய பயிற்சித்தாள்களையும் கேட்டு வாங்கி, அவற்றில் திரும்பத் திரும்ப வருவதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். என் படிப்பில் அது மடக்கை, எளிய வகையிடல், நிகழ்தகவு, திட்ட விலக்கம் என்று நின்றது. இவற்றில் பெரும்பகுதிக்கு உயர்நிலைப் பள்ளிக் கணிதப் புத்தகமே போதும். அதைத் திறக்க வெட்கப்பட வேண்டாம்.

தெரிந்த சொற்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அன்றாடப் பேச்சில் எடை, நிறை இரண்டும் ஒன்று, இயற்பியலில் வேறு. வெப்பமும் வெப்பநிலையும் அப்படித்தான். (தமிழில் ‘நிலை’ என்ற சொல்லே வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கிறது. கலைச்சொற்களைத் தமிழிலும் எழுதிப் பார்ப்பது எனக்கு உண்மையிலேயே உதவியது.) புள்ளியியலில் பி-மதிப்பு 0.05க்குக் கீழே வந்தால், தம் கருத்து உண்மையாக இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிடவோ பெரிய வேறுபாடு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது.

ஆய்வுக்கட்டுரையைக் கதைபோல முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். சுருக்கம், பிறகு வரைபடங்கள், பிறகு செய்முறை என்று போங்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் தோற்றுப்போன சோதனையையும் தேதியோடு பேனாவால் எழுதுங்கள். ஆசிரியரிடம் போய் “ஒன்றும் புரியவில்லை” என்று சொல்லாதீர்கள். “மூன்றாவது வரியில் மடக்கை ஏன் வந்தது?” என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் வழி பிறக்கும்.

கடைசியாக, குழு வேலை. “நீங்கள் நன்றாக எழுதுவீர்கள், அறிக்கையை எழுதுங்கள், கணக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஒரு பருவம் முழுவதும் நான் அதற்குச் சம்மதித்தேன். அறிக்கைகள் நன்றாக வந்தன, தேர்வில் கை நடுங்கியது. எழுதும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கணக்கையாவது கேட்டு வாங்குங்கள். இரண்டாம் பருவத்தில் நான் அப்படிக் கேட்டபோது, குழுவில் ஒருவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் முதல் வரைபடம் திரையில் வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.