மூச்சடக்கிப் பார்த்து நுரையீரலை அளக்காதீர்கள்

பத்து விநாடி மூச்சை அடக்க முடிந்தால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று கொரோனா நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. இன்றும் அதை நம்புகிறவர்கள் உண்டு. மூச்சை அடக்கும்போது நம்மைத் திணறவைப்பது பெரும்பாலும் ரத்தத்தில் ஏறும் கார்பன் டை ஆக்சைடுதான். அதைத் தாங்குவது பழக்கத்தையும் பொறுத்தது. நுரையீரலில் நோய் இருப்பவரும் பத்து விநாடி தாக்குப்பிடித்துவிடலாம்.

குழாய் வழியே மூச்சை இழுத்துப் பந்துகளை எழுப்பிப் பயிற்சி செய்ய அப்போது வாங்கிய மூன்று பந்துக் கருவி பல வீடுகளில் இன்னும் இருக்கும். மூன்றாவது பந்து எழும்பவில்லையே என்று பயப்பட வேண்டாம். அதில் போட்டிருக்கும் 600, 900, 1200 என்பவை நுரையீரலின் கொள்ளளவு இல்லை. விநாடிக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்றை இழுக்கிறோம் என்ற வேகக் கணக்கு. வெடுக்கென்று இழுத்தால் மூன்றும் எழும்பி உடனே விழும், அதில் பயனில்லை. மெதுவாக, நீளமாக இழுத்து, பந்தை மேலேயே நிறுத்திப் பிடிப்பதுதான் பயிற்சி.

சரி, கொள்ளளவை எது தீர்மானிக்கிறது? முக்கியமாக உயரம். 1846-ல் ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஹட்சின்சன், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவியில் ஊதவைத்து இதைக் காட்டினார். அப்புறம் வயது, பாலினம். வளர்ந்த ஆணுக்குச் சுமார் 6 லிட்டர், பெண்ணுக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல். அதனால் கணவரின் நுரையீரல் பரிசோதனை ரிப்போர்ட்டையும் உங்களுடையதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். உங்கள் உயரத்துக்கும் வயதுக்கும் எதிர்பார்க்கும் அளவில் எத்தனை சதவீதம் வந்திருக்கிறது என்று பாருங்கள். பரிசோதனைக்குப் போனால், "அஞ்சே முக்கால் அடி இருப்பேன்" என்று குத்துமதிப்பாகச் சொல்லவும் வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். உயரத்தைக் கூட்டிச் சொன்னால், நல்ல நுரையீரலும் ரிப்போர்ட்டில் குறைவாகத் தெரியும்.

கொள்ளளவு கூடினால் நல்லது என்பதும் தவறு. புகைப்பவர்களுக்கு வரும் எம்ஃபிசீமாவில் (நுரையீரலின் காற்றுப் பைகள் சிதையும் நோய்) மொத்தக் கொள்ளளவு இயல்பைவிட அதிகமாகவே இருக்கும். உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் தங்கிவிடுவதுதான் காரணம். ஆகவே முதல் விநாடியில் எவ்வளவு ஊதித் தள்ள முடிகிறது என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பிராணாயாமம் செய்யுங்கள், மூச்சுத் தசைகளுக்கு நல்லது. ஆனால் வளர்ந்தவரின் நுரையீரலை அது பெரிதாக்காது. அதை நம்பி ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்துவது ஆபத்து. நுரையீரல் உண்மையிலேயே வளர்வது குழந்தைப் பருவத்திலும் பதின்வயதிலும்தான். அந்த வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் சிகரெட் பிடிக்காதீர்கள். விறகடுப்பு எரிந்தால் புகை வெளியேற வழி செய்யுங்கள்.