வெள்ளி ரூபாயின் தேய்மானத்தைப் பார்த்துத் தரம் சொல்வது எப்படி

பழைய நாணயத்துக்குத் தரம் சொல்லும்போது அதன் ஆண்டும் அருமையும் விலையும் கணக்கில் வரக்கூடாது. ஆண்டைப் பார்த்துத் தேய்மானத்தை ஊகிப்பதும் தவறு; விக்டோரியா ரூபாயில் 1862 என்ற ஆண்டு மாற்றப்படாமலே பல ஆண்டுகள் அச்சடிக்கப்பட்டதால், அந்தக் காசு எப்போது புழக்கத்துக்கு வந்தது என்பதைக்கூட அந்த எண்ணிலிருந்து அறிய முடியாது. கைமாறிக் கைமாறி நாணயத்தின் மேட்டுப்பகுதிகள் எவ்வளவு உலோகத்தை இழந்திருக்கின்றன என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. பழைய பெட்டிகளிலிருந்து இன்றும் வெளிவந்துகொண்டிருக்கும் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயை வைத்துப் பழகுவது எளிது என்பதால், அதையே இங்கு உதாரணமாகக் கொள்கிறேன்.

முதலில் வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். டியூப்லைட் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி விழுவதால் நுண்ணிய கீறல்களை மறைத்துவிடும். ஒரே புள்ளியிலிருந்து ஒளி வரும் மேசை விளக்கின் கீழே மெத்தென்ற துணியை விரித்து, நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து, முகத்தில் விரல் படாமல் மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஐந்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் நல்ல காசும் மோசமாகத் தெரியும்.

அச்சு விழும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்வதால், மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்வரிகள் உண்டாகின்றன. புழங்காத காசைச் சாய்க்கும்போது ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலச் சுற்றி வருவது இந்த வரிகளால்தான். அந்த ஒளி அரசரின் கன்னத்தைக் கடக்கும்போது அறுபடாமல் கடக்கிறதா என்று பாருங்கள். கன்ன மேட்டிலோ புருவத்திலோ வந்ததும் ஒளி அறுந்து, அந்த இடம் மட்டும் மங்கிய சாம்பல் நிறமாகத் தெரிந்தால், தாடியின் ஒவ்வொரு இழையும் எண்ணும்படி இருந்தாலும் அது புழங்கிய காசுதான். தேய்மானம் உருவத்தைத் தொடுவதற்கு முன்பே மினுமினுப்பைத் தொட்டுவிடுகிறது என்பதால், புதிதாகப் பழகுவோர் உருவ நுணுக்கத்தை மட்டும் பார்த்து ஒரு படி கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள்.

உருவத்தைப் பொறுத்தவரை, ஜார்ஜ் ரூபாயின் தலைப்பக்கத்தில் நான் பார்க்கும் வரிசை இது: புருவம், மீசையும் தாடியும், காதின் மேல்வளைவு, காதுக்கு மேலுள்ள முடி, கிரீட வளைவின் முத்துகள், கடைசியாக அங்கியின் மீதுள்ள சங்கிலி. இந்தியப் பேரரசு விருதின் சங்கிலியான அதில் யானை, தாமரை, மயில் ஆகியவை இருக்கின்றன; யானையின் உடலுக்குள்ளே உள்ள வேலைப்பாடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது நல்ல அளவுகோல். 1911 ரூபாயில் யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பன்றி போல இருக்கிறது என்ற எதிர்ப்பு எழுந்ததால், அந்தக் காசு திரும்பப் பெறப்பட்டு, 1912 முதல் திருத்திய உருவம் வந்தது. ஆகவே 1911 காசில் தும்பிக்கை குட்டையாக இருப்பதைத் தேய்மானக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

பூப்பக்கத்தைத் தனியாக மதிப்பிட வேண்டும். தலையும் பூவும் ஒரே அளவில் தேய்வதில்லை. மலர்வளையத்தில் தாமரை இதழ்களின் நடுவரிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டனவா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் வேறுபட்டால் இரண்டையும் எழுதி வைப்பதே நேர்மை. ஒரே தரம்தான் சொல்ல வேண்டுமென்றால் தாழ்ந்த பக்கத்தையே சொல்வேன்.

தேய்மானத்தோடு எளிதில் குழப்பிக்கொள்ளக்கூடியது அச்சு சரியாக விழாமை. அச்சு முழுதாகப் பதியாத காசில் புருவமோ யானையோ மொழுக்கென்று இருக்கும். ஆனால் அந்த இடத்தில் மினுமினுப்பு அறுந்திருக்காது, லென்ஸில் பார்த்தால் அச்சுக்கு முந்தைய வெறும் வில்லையின் சொரசொரப்பு அப்படியே தெரியும். தேய்ந்த இடமோ வழவழப்பாக, நிறம் மாறிக் கிடக்கும். இன்னொரு சோதனையும் உண்டு: உண்மையான தேய்மானம் மேட்டில் தொடங்குகிறது, பள்ளம் கடைசிவரை கூர்மையாக இருக்கும். எழுத்துகளின் அடிவிளிம்பும் கிரீடத்தின் இடுக்குகளும்கூடச் சோப்பு கரைந்ததுபோல மழுங்கியிருந்தால், அது தேய்ந்த காசு அன்று. வார்த்தெடுத்த போலியாக இருக்கலாம். அப்போது தராசை எடுங்கள். அச்சகத்திலிருந்து வந்தபோது ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நன்றாகப் புழங்கிய காசு அதில் சிறிது குறைவது இயல்பு. கூடுதலாக இருப்பது இயல்பன்று.

இவ்வளவும் பார்த்த பிறகே தரத்தின் பெயருக்கு வர வேண்டும். மேட்டில் மினுமினுப்பு மட்டும் அறுந்திருந்தால் ஏ.யூ. (About Uncirculated, ஏறக்குறையப் புழங்காதது). புருவமும் முத்துகளும் லேசாகத் தட்டையாகி, மற்றவை தெளிவாக இருந்தால் எக்ஸ்.எஃப். (Extremely Fine). காதுக்கு மேலுள்ள முடி ஒன்றாகச் சேர்ந்து, யானையின் வரைவு மட்டும் மிஞ்சியிருந்தால் வி.எஃப். (Very Fine). காதின் வளைவே பாதி போய்விட்டால் ஃபைன். அதற்குக் கீழே அரசரின் நிழலுருவமும் எழுத்துகளும்தான் மிஞ்சும்; எழுத்துகளும் விளிம்போடு கலக்கத் தொடங்கிய காசைச் சேகரிப்புக்காக வாங்க வேண்டிய தேவை அரிதாகவே வரும். சான்றளிக்கும் நிறுவனங்கள் உறையில் அச்சிடும் 1 முதல் 70 வரையிலான எண்கள், 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்காவின் பழைய பெரிய சென்ட் நாணயங்களுக்காக வகுத்த அளவிலிருந்து வந்தவை. 60உம் அதற்கு மேற்பட்ட எண்களும் புழங்காத காசுகளுக்கு உரியவை என்பதால், அங்கே தேய்மானம் பேச்சில் இல்லை. மூட்டைகளில் காசோடு காசு மோதி விழுந்த தழும்புகளும் மினுமினுப்பின் தரமும்தான் எண்ணைத் தீர்மானிக்கின்றன. கன்னத்தில் உள்ள அத்தகைய தழும்பைத் தேய்மானம் என்று சொல்லிப் பேரம் பேசுவோரும் உண்டு.

நம் வீடுகளில் கிடைக்கும் காசுகளுக்கே உரிய சிக்கல் துலக்குவது. வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்கும் விபூதியையே காசுக்கும் போட்டுப் பளபளக்கச் செய்திருப்பார்கள். ஒரு கண்காட்சியில் டியூப்லைட்டின் கீழே ஏ.யூ. என்று நினைத்து 1918 ரூபாய் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து மேசை விளக்கில் சாய்த்தபோது, தலைக்குப் பின்னாலிருந்த வெற்றிடம் முழுவதும் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள். ஆரக்கால் ஒளி எங்குமே சுழலவில்லை. கண்ணாடித் துண்டைப் போல மொத்தமாக மின்னி மொத்தமாக அணைந்தது. உருவ நுணுக்கம் எக்ஸ்.எஃப். அளவுக்கு இருந்தாலும், துலக்கிய காசு என்று குறிப்பிட்டுத்தான் அதை இனி விற்க முடியும்.

விளிம்பையும் விடக்கூடாது. மாலையில் கோக்க வளையம் பற்றவைத்து, பிறகு அறுத்தெடுத்த காசில், கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்பின் வரிகள் சிறிது தூரம் அழிந்து, அந்த இடம் மட்டும் அரத்தால் ராவியதுபோல இருக்கும். 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான் என்பதால், அதில் தேய்ந்த மேட்டின் நிறத்தை ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயோடு ஒப்பிட்டு எடைபோடாமல், அதே வகைக் காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.