நடக்கும் நாய்க்குட்டிக்குப் பெரிய பட்டன் மாட்டுவது எப்படி?

அக்கா மகளுக்கு நான்கு வயது. வளர்ச்சித் தாமதம் இருப்பதால் விரல்கள் இன்னும் அவள் சொல் பேச்சு கேட்பதில்லை. பேட்டரியில் நடக்கிற நாய்க்குட்டி என்றால் உயிர். ஆனால் அதன் வயிற்றடியில் இருக்கும் குட்டி ஸ்விட்சை யாராவது தள்ளிவிட வேண்டும். அவளே தட்டி ஓட வைக்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று அவளுடைய தெரபிஸ்ட் கேட்டார். அதில் ஆரம்பித்தது இது.

தேவையானவை: பென்சில் பேட்டரியில் ஓடும் பொம்மை, 100 மி.மீ. டோம் பட்டன் (கேம் மெஷினில் இருக்குமே, அது), 3.5 மி.மீ. மோனோ சாக்கெட், பிளக் (ஹெட்போன் பின் மாதிரி, ஆனால் இரண்டு இணைப்பு மட்டும்), மெல்லிய இரட்டை வயர், இருபக்கமும் செம்பு பூசிய பிசிபி (சர்க்யூட் போர்டு) துண்டு. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். பட்டன் செல் (கைக்கடிகாரத்தில் இருக்கும் குட்டி வட்டப் பேட்டரி) போட்ட பொம்மை வேண்டவே வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

பொம்மை வாங்கும்போதே ஒரு சோதனை. ஆன் செய்து ஓடவிட்டு, ஒரு பேட்டரியைக் கழற்றி, திரும்பப் போடுங்கள். எதையும் தொடாமல் மறுபடி ஓடினால் அதுதான் நமக்கு வேண்டியது. நான் முதலில் வாங்கியது காதை அமுக்கினால் குரைக்கிற வகை. மின்சாரம் வந்தாலும் யாராவது காதை அமுக்கும்வரை அது சும்மாவே உட்கார்ந்திருக்கும். அது இப்போது பக்கத்து வீட்டுப் பையனிடம் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். பிசிபியில் பத்துப் பைசா அளவுக்கு ஒரு வில்லை வெட்டி, ஒரு பக்கத்துக்கு ஒரு வயர் என்று சால்டர் வையுங்கள். வில்லையைப் பேட்டரிக்கும் அதன் ஸ்ப்ரிங்குக்கும் நடுவே செருகினால் மின்சாரம் அங்கே அறுபடும். இரண்டு வயரும் சேர்ந்தால்தான் நாய் நடக்கும். பொம்மையைப் பிரிக்கவே வேண்டாம்.

என் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது இந்த வில்லைதான். செருகியதும் பட்டனைத் தொடாமலே நாய் நடக்க ஆரம்பித்தது. சால்டரை மூன்று முறை எடுத்து வைத்தேன், பலனில்லை. கடைசியில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கத்தரியால் வெட்டிய ஓரத்தில் செம்பு மயிரிழையாக மடங்கி இரண்டு பக்கத்தையும் தொட்டுக்கொண்டிருந்தது. ஓரத்தைச் சுற்றி அரம் போட்டுத் தேயுங்கள். பிறகு மல்டிமீட்டரை பீப் மோடில் (மின் இணைப்பு இருந்தால் சத்தம் போடும்) வைத்து இரண்டு பக்கமும் தொடுங்கள், சத்தம் வரக்கூடாது. மீட்டர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பரவாயில்லை, பீப் மட்டும் அவசியம். பிசிபி 0.8 மி.மீ. கனம் போதும், 1.6 போட்டால் பேட்டரி மூடி மூடாது.

மூடியில் அரத்தால் சின்னப் பள்ளம் போட்டு வயரை வெளியே எடுங்கள். உள்பக்கம் ஒரு முடிச்சு, இழுத்தால் சால்டர் விட்டுவராமலிருக்க. வயர் முனையில் சாக்கெட், பட்டனில் பிளக். மோனோதான் வேண்டும், ஏனென்றால் கடையில் விற்கும் தெரபி ஸ்விட்சுகளும் அதே 3.5 மோனோ. நாளைக்கு வேறு ஸ்விட்ச் வாங்கினாலும் அப்படியே செருகலாம்.

அவளுக்குப் பட்டன் முதலில் அழுந்தவில்லை. உள்ளே இருந்த ஸ்ப்ரிங் முரடு. அதை எடுத்துவிட்டு ரீஃபில் பேனா ஸ்ப்ரிங் இரண்டு வைத்தேன், சரியாயிற்று. பட்டனை மேசையில் தட்டையாக வைத்தபோது தொடவே இல்லை; சாய்ந்த பலகையில், இடது பக்கம் வைத்ததும் முழங்கையால் ஒரு இடி. நாய் இரண்டடி நடந்தது. கையை எடுத்தாள், நின்றது. மறுபடி இடித்தாள். அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

ஒரு தட்டுக்கு ஐந்து விநாடி ஓடட்டும் என்று 555 டைமர் ஐசியும் (நேரம் கணக்கிடும் சிப்) ரிலேவும் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) போட்டுப் பார்த்தேன் (100 கே ரெசிஸ்டர், 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்). பிறகு கழற்றிவிட்டேன். கையை எடுத்த உடனே நின்றால்தான் அது தன் வேலை என்று அவளுக்குப் புரிகிறது.

பிற்சேர்க்கை: பட்டனை அழுத்தினால் பொம்மை நிற்கிறது, விட்டால் ஓடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பட்டனுக்கு அடியில் உள்ள மைக்ரோஸ்விட்சில் மூன்று கால் இருக்கும். காம் (பொதுக் கால்), என்ஓ (அழுத்தினால் மட்டும் காமோடு சேரும் கால்) என்ற இரண்டில் மட்டும் வயர் வையுங்கள். என்சி (அழுத்தாதபோது சேர்ந்திருக்கும்) காலில் டேப் சுற்றிவிடுங்கள், வம்பே இல்லை.