மலை ஓவியம்: பார்ப்பவரும் வரைபவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலை ஓவியத்தின் முன் நின்றதும் பலர் மனத்துக்குள் ஓர் அகராதியைப் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள். சிகரம் என்றால் இறைவன், மூடுபனி என்றால் மர்மம், ஒற்றை மரம் என்றால் தனிமை. இப்படிப் பொருள் சொல்லி முடித்துவிட்டால் ஓவியத்தைப் பார்க்காமலேயே நகர்ந்துவிடலாம்; அதுதான் இதிலுள்ள கேடு.

ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரெட்ரிக் 1818 வாக்கில் வரைந்த ‘மூடுபனிக் கடலுக்கு மேலே பயணி’யைப் பாருங்கள். நமக்கு முதுகு காட்டிப் பாறைமேல் நிற்பவனை இயற்கையை வென்றவன் என்பார் ஒருவர். இயற்கையின் முன் சிறுத்துப்போனவன் என்பார் இன்னொருவர். இரண்டு வாசிப்புக்கும் இடம் தருவது வரைந்த விதம்தான். இருபுறமும் சரிந்து வரும் மலைக்கோடுகள் அவன் மார்பருகே வந்து கூடுகின்றன. காட்சி முழுவதும் அவனைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அவன் காலடிப் பாறைக்கும் தொலைமலைக்கும் இடையே உள்ள நிலத்தைப் பனி விழுங்கிவிட்டது. தூரத்தை அளக்கக் கண்ணுக்கு வழியே இல்லை. வென்றவன் என்றே வைத்துக்கொண்டாலும் அடுத்த அடியை எங்கே வைப்பான்?

“இது எந்த மலை?” என்று துருவுவது அடுத்த தவறு. அந்தப் பயணி ஓவியமே ஜெர்மனியின் எல்பே மணற்கல் மலைப்பகுதியில் தனித்தனியாகத் தீட்டிய பல கோட்டோவியங்களின் கூட்டு. 1824–25இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ‘வாட்ஸ்மன்’ சிகரத்தை வரைந்த ஃபிரெட்ரிக் அந்த மலையை நேரில் பார்த்ததே இல்லை. மாணவர் ஒருவரின் நீர்வண்ணப் படம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சீன மலை ஓவியத்தில் ஒரே பார்வைப் புள்ளியைத் தேடுவதும் வீண். சீன ஓவியர் குவோ சி 1072இல் பட்டில் வரைந்த ‘இளவசந்தம்’ ஓவியத்தில் அடியிலிருந்து அண்ணாந்தும், முன்மலையைத் தாண்டிப் பின்புறத்தை எட்டியும், அருகிலிருந்து தொலைவை நோக்கியும் பார்க்கிறோம். ‘பார்வைக் கோணம் தப்பிவிட்டது’ என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. உள்ளே நடந்து பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட மலை அது.

தூரிகை பிடிப்பவர்களுக்கும் ஒன்று. தொலைமலை என்றதும் நீலத்தை அள்ளிப் பூசுவது மிகப் பரவலான பிழை. நீலம் பாதி வேலைதான். காற்றில் சிதறும் ஒளி இடையில் புகுவதால் தொலைவிலுள்ள நிழல்கள் வெளுக்கின்றன. இருளுக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாடு சுருங்குகிறது. இந்த வேறுபாட்டைக் குறைக்காமல் எவ்வளவு நீலம் போட்டாலும் மலை முன்னால் வந்து நிற்கும். வெயில் படும் பனிச்சிகரமோ நேர்மாறானது: அதிலிருந்து வரும் ஒளி வழியில் நீலத்தை இழப்பதால், தொலைவில் இலேசான மஞ்சளாகத் தெரியும். அங்கே தூய வெள்ளையைப் பூசினால் சிகரம் காகிதத் துண்டுபோல ஒட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளையில் காவி மஞ்சள் ஒரு துளி கலந்தால் போதும்.