கடைசிக் குளிரை இயல்போடு ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

வெப்பநிலைத் தரவுகளை வைத்து எழுதப் பழகுகிறவர்கள், குளிர்காலம் முடியும் தறுவாயில் வரும் திடீர்க் குளிரைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். செய்தி மதிப்பு உண்டு, எண்களும் பெரிதாகத் தெரியும். அவர்களுடைய வரைபடங்களைப் பார்க்கும்போது, நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் அப்படியே திரும்ப வருகின்றன. செல்சியஸையும் பாரன்ஹீட்டையும் குழப்புவது, கழித்தல் குறியை விட்டுவிடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எப்படியும் மாட்டிக்கொள்ளும். மாட்டாமல் தப்பிப்பவை மட்டும் இங்கே. இயல்பு என்று நான் சொல்வது, ஆண்டின் அந்தச் சமயத்துக்கு அந்த ஊரில் முப்பது ஆண்டுகளாகப் பதிவான வெப்பநிலையின் சராசரியை. விலகல் என்பது அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது.

மாதச் சராசரியை அளவுகோலாக வைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஜனவரியில் இந்தத் தவறு அவ்வளவாகக் கடிக்காது. பல ஊர்களில் இயல்பு வெப்பநிலை அந்த மாதம் முழுக்க ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடக்கும். பிப்ரவரி பிற்பாதி அப்படி இல்லை. வட அரைக்கோளத்தில் பகல் வேகமாக நீள்கிறது, இயல்பும் நாளுக்கு நாள் ஏறுகிறது. ஏறிக்கொண்டிருக்கும் கோட்டுக்குப் பதிலாகத் தட்டையான ஒரு கோட்டைப் போட்டால் என்ன ஆகும்?

ஒரு ஊரை வைத்துக்கொள்வோம். நாளின் சராசரி வெப்பநிலை பிப்ரவரி 1 அன்று இயல்பாக 0 டிகிரி, மாதக் கடைசியில் 4, மார்ச் கடைசியில் 10. அப்படியென்றால் பிப்ரவரிச் சராசரி 2, மார்ச் சராசரி 7. இப்போது −3 டிகிரி பதிவாகிறது. பிப்ரவரி 1 அன்று பதிவானாலும் 28 அன்று பதிவானாலும், மாதச் சராசரியை வைத்தால் ‘இயல்பைவிட 5 டிகிரி குறைவு’ என்றே வரும். உண்மையில் முதல் நாளில் அது 3 டிகிரி குறைவு, கடைசி நாளில் 7. சாதாரணக் குளிரையும் அரிய குளிரையும் ஒரே விலைக்கு விற்றாயிற்று.

அதைவிட மோசம் மாதம் மாறும் இரவு. பிப்ரவரி 28 அன்றும் மார்ச் 1 அன்றும் அதே −3 என்றால், மாதச் சராசரிக் கணக்கில் விலகல் ஐந்திலிருந்து ஒரே இரவில் பத்துக்குப் பாயும். காற்று அசையவில்லை, நாள்காட்டித் தாள்தான் கிழிந்தது.

இது கற்பனைக் கவலை இல்லை. எரிபொருள் கொள்முதலுக்காக ஒரு குழு தயாரித்த அறிக்கையில் இதே பாய்ச்சலைப் பார்த்தேன். எழுதியவர் அதைச் சந்தேகிக்கவில்லை. ‘மார்ச் தொடக்கத்தில் குளிர் தீவிரமடைந்தது’ என்று எழுதி, புதிதாகத் துருவக் காற்று இறங்கியதாகக் காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். காற்றழுத்த வரைபடத்தைத் திறந்து பார்த்திருந்தால் போதும், அங்கே ஒன்றுமே நகரவில்லை. படித்தவர்கள் நம்பி, விலை உச்சத்தில் இருந்தபோது கூடுதல் எரிவாயு வாங்கினார்கள். குளிர் விலகியது, சரக்கு தங்கியது.

சரி, தினசரி இயல்பை எடுத்துவிட்டால் தீர்ந்ததா? பாதி தீர்ந்தது. ஒவ்வொரு தேதிக்கும் முப்பது ஆண்டுகளின் எண்களை அப்படியே கூட்டி வகுத்தால், கோடு ரம்பப் பல் மாதிரி வரும். ஏதோ ஓர் ஆண்டில் அந்தத் தேதியில் 15 டிகிரி குறைந்திருந்தால், அது ஒன்றே சராசரியை அரை டிகிரி இழுத்துவிடும். பிப்ரவரி 29 கதை இன்னும் வேடிக்கை: 1991 முதல் 2020 வரை அந்தத் தேதி வந்ததே எட்டு முறைதான். அதனால் பக்கத்து நாட்களையும் சேர்த்துச் சீராக்கிய இயல்புக் கோட்டைத்தான் எடுக்க வேண்டும். தேசிய வானிலைத் துறைகள் பலவும் அப்படிச் சீராக்கியதையே வெளியிடுகின்றன, நீங்களாகக் கணக்குப் போட வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை.

குறைந்தபட்சத்தை நாள் சராசரியோடு மோதவிடுவது

2021 பிப்ரவரி 16 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள டல்லாஸ்–ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் −19 டிகிரி பதிவானது. அது அதிகாலைக் குறைந்தபட்சம். அங்கே அந்தச் சமயத்தில் இயல்பான குறைந்தபட்சம் உறைநிலைக்குச் சில டிகிரி மேலே. நாளின் சராசரி அதைவிடவும் ஐந்தாறு டிகிரி கூடுதல். சராசரியோடு கழித்தால் தலைப்புக்கு நல்ல எண் கிடைக்கும், அவ்வளவுதான். இருந்த குளிரே போதாதா?

‘உணரும் குளிரை’ இயல்போடு ஒப்பிடுவது

வேண்டாம். அது காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட எண், இயல்போ வெறும் காற்று வெப்பநிலைக்கானது.

நேற்றையதோடு ஒப்பிட்டுக் குளிர் அலை என்பது

இயல்பைவிட 10 டிகிரி அதிகமாக இருந்த வாரம் முடிந்து, வெப்பநிலை இயல்புக்கே திரும்பினாலும் உடம்பு நடுங்கும். அது குளிர் அலை அல்ல.

ஆனால் செடிகளுக்கு முந்தைய வாரங்கள்தான் முக்கியம். 2012 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகனில் அசாதாரண வெப்பம் அடித்து, மரங்கள் முன்கூட்டியே மொட்டு விட்டன. அப்புறம் ஏப்ரலில் வந்த உறைபனி, ஏப்ரலுக்குப் புதிதே இல்லை. இருந்தும் புளிப்புச் செர்ரி விளைச்சலில் சுமார் 90 சதவீதம் போயிற்று. பயிர்ச் சேதம் பற்றி எழுதுகிறவர்கள் விலகல் எண்ணை மட்டும் காட்டினால் இந்தக் கதை முழுக்கவே விடுபட்டுவிடும்.

எல்லா இடத்திலும் ஐந்து டிகிரி ஒன்றுதான் என்று நினைப்பது

கண்டத்தின் நடுவே, பனி மூடிய சமவெளியில் பிப்ரவரியில் 5 டிகிரி குறைவது வாரா வாரம் நடக்கலாம். கடலோர வெப்பமண்டல ஊரில் அது சரித்திரம். அந்த இடத்தின் வழக்கமான ஏற்ற இறக்கத்தால் விலகலை வகுத்துப் பாருங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை வேறு வழியில் இதைக் கையாள்கிறது: சமவெளியில் குறைந்தபட்சம் 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் விலகலையே பார்க்கும், 4.5 முதல் 6.4 டிகிரி வரை குறைந்தால் குளிர் அலை, அதற்கும் மேல் குறைந்தால் கடுமையான குளிர் அலை. இரண்டு நிபந்தனையில் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் நிறைய.

எதற்கெடுத்தாலும் துருவச் சுழல் மேல் பழி போடுவது

துருவச் சுழல் என்பது குளிர்காலத்தில் துருவத்துக்கு மேலே உயரத்தில் சுற்றும் குளிர்க் காற்று. 2018 பிப்ரவரியில் துருவத்துக்கு மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் (நம் வானிலை நடக்கும் அடுக்குக்கு மேலே உள்ள காற்றடுக்கு) திடீரென வெப்பமடைந்தது, சுழல் பிளந்தது, மாதக் கடைசியில் ஐரோப்பா உறைந்தது. உண்மை. ஆனால் அப்படி வெப்பமடையும் ஒவ்வொரு முறையும் தரையில் குளிர் இறங்குவதில்லை.

எந்த முப்பது ஆண்டு என்று சொல்லாமல் விடுவது

உலக வானிலை அமைப்பின் இப்போதைய இயல்புக் காலம் 1991–2020. காலநிலை மாற்றத்தை அளக்க 1961–1990 தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. பல இடங்களில் புதிய இயல்பு பழையதைவிட வெப்பமானது. எனவே அதே குளிர் புதிய இயல்போடு ஒப்பிட்டால் பெரிதாகத் தெரியும். பழைய அறிக்கையின் விலகலையும் இன்றைய விலகலையும் பக்கத்தில் வைத்து ‘இந்த முறைதான் மோசம்’ என்று எழுதும் முன், இரண்டையும் ஒரே காலத்துக்கு மாற்றிக் கணக்கிடுங்கள். ஐந்து நிமிட வேலை.