கொங்கு நாட்டிலிருந்து பிரிட்டன் வருபவர்களுக்கு: கேள்வியை ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்கும் முறை

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து பிரிட்டனுக்குப் புதிதாக வருபவர்கள், முதல் வாரத்திலேயே மருத்துவமனை வரவேற்பாளரிடமும் வீட்டு உரிமையாளரிடமும் பல கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும். ஊரில் ‘ஏனுங்க, பஸ் எப்ப வருமுங்க?’ என்றால் அந்த ‘ங்க’வே மரியாதையைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அப்படியொரு விகுதி இல்லை. ஆகவே அங்கே முன்பின் தெரியாதவரிடம் பேசும்போது, கேள்வியை ‘குட் யூ டெல் மீ’, ‘டூ யூ நோ’ போன்ற தொடர்களுக்குள் வைத்துக் கேட்பதே பணிவாகக் கொள்ளப்படுகிறது.

இதில் நம்மவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் ‘பஸ் எப்போது வரும்?’ என்ற கேள்வி, ‘என்று சொல்ல முடியுமா’ என்பதோடு சேரும்போது ஒரு சொல்கூட மாறுவதில்லை. ஆங்கிலத்திலோ, உள்ளே போன கேள்வி தன் வடிவத்தை இழந்து சாதாரண வாக்கியத்தைப் போல எழுவாய் முன்னும் வினைச்சொல் பின்னுமாக அமைந்துவிடுகிறது. ‘வென் டஸ் த பஸ் கம்?’ என்பது ‘குட் யூ டெல் மீ வென் த பஸ் கம்ஸ்?’ என்றாகும், ‘டஸ்’ மறைந்து, அதிலிருந்த ‘ஸ்’ வினையோடு ஒட்டிக்கொள்வதைக் கவனியுங்கள். ‘வேர் இஸ் த பேங்க்?’ என்பதில் ‘இஸ்’ கடைசிக்குப் போய், ‘டூ யூ நோ வேர் த பேங்க் இஸ்?’ என்றாகும். மற்ற விதிகளுக்கு முன்னால் இந்த ஒன்றை நாக்கில் பழக்கிக்கொள்வது நல்லது.

‘வாடகையில் கவுன்சில் வரி (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) சேர்ந்திருக்கிறதா?’ போன்ற ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளில், நம் ‘ஆ’ செய்யும் வேலையை ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ செய்யும்: ‘குட் யூ டெல் மீ இஃப் த ரென்ட் இன்க்ளூட்ஸ் கவுன்சில் டாக்ஸ்?’

பிறர் கேட்டதை எடுத்துச் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். மேலாளர் உங்களிடம் ‘வேர் டூ யூ லிவ்?’ என்று கேட்டதை நண்பரிடம் சொல்கிறீர்கள். தமிழில் ‘நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார்’ என்று அவர் வாய்ச்சொல்லையே சொல்லலாம். ஆங்கிலத்தில் அப்படியே ‘யூ’ என்று சொன்னால், நண்பர் தம்மைப் பற்றிய பேச்சு என்றே எடுத்துக்கொள்வார். ‘ஷி ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்’ என்பதே சரி. இப்போதும் அதே வீட்டில் இருந்தால் ‘லிவ்’ என்றும் சொல்லலாம். ‘ஆஸ்க்ட் டு மீ’ என்பது தவறு. கேள்வியில் ‘டுமாரோ’ இருந்தால், எடுத்துச் சொல்லும்போது அது பொதுவாக ‘த நெக்ஸ்ட் டே’ ஆகும்.

மின்னஞ்சல் எழுதும்போது, ‘குட் யூ டெல் மீ’ என்று தொடங்கும் வாக்கியத்தின் முடிவில் கேள்விக்குறி இடுங்கள்; ‘ஷி ஆஸ்க்ட் மீ’ என்று தொடங்கினால் முற்றுப்புள்ளிதான்.